இரண்டு கைக்கும் வேலை

பம்பரத்தால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. வகுப்பில் டீச்சர் வைத்த பட்டப்பெயர் அது. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அம்மா லிஃப்ட் மெக்கானிக். விடுமுறை நாளில் வீட்டில் ஆள் இல்லையென்றால் பம்பரமும் கூடவே போவாள். அவளுடைய பென்சில் பெட்டியில் பென்சில் இருக்காது. இன்ஸ்டன்ட் காபித் தூள் ஒரு பாக்கெட், ஒரு பிரஷ், இரண்டு பாட்டில் மூடி, கொஞ்சம் கெட்டி அட்டை. அவ்வளவுதான். ஒரு மூடியில் காபியைக் கெட்டியாகக் கரைப்பாள். இன்னொன்றில் நிறையத் தண்ணீர் விடுவாள். கெட்டிக் காபியில் மரம் வரும், தண்ணிக் காபியில் அதன் நிழல் வரும். எங்கே உட்கார்ந்தாலும் வரையலாம். உட்கார்ந்தால்தானே!

அன்று போனது ஒரு பழைய கட்டடம். லிஃப்டுக்குக் கம்பிக் கதவு. மூன்றாவது மாடிக்கு ஒரு முழம் கீழே அது நின்றுபோயிருந்தது. உள்ளே ஜிம் மாஸ்டர். தோள் ஒவ்வொன்றும் ஒரு பூசணிக்காய். கம்பிகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"யாராவது வாங்களேன்! மூச்சு முட்டுது!"

"வந்தாச்சு மாஸ்டர்," என்றாள் அம்மா. "மேல மோட்டார் ரூமுக்குப் போய் சக்கரத்தைக் கையால சுத்தி, லிஃப்டை மெல்ல ஏத்திடறேன். நீங்க கம்பியை விட்டுட்டு நடுவுல உட்காருங்க. விரல் வெளிய இருந்தா நசுங்கிரும்."

"சரிம்மா," என்றார் மாஸ்டர். கையை விடவில்லை.

"பம்பரம், அவர் கையை எடுத்ததும் குரல் கொடு. நீ சொன்னாத்தான் சுத்துவேன்." அம்மா படியேறி ஓடினாள்.

"கையை எடுங்க மாஸ்டர்."

"எடுத்துட்டேன் பாப்பா." எடுத்தார். லிஃப்ட் எங்கோ 'கிறீச்' என்றது. மறு நொடி பத்து விரலும் கம்பிக்கு வெளியே.

"கண்ணை மூடிக்கங்களேன்."

"மூடினா இன்னும் பயமா இருக்கு!"

"பாட்டுப் பாடுங்க."

பாடினார். கம்பியை விடாமலே பாடினார்.

"எடுத்துட்டாரா?" மேலிருந்து அம்மா கத்தினாள்.

"இல்லம்மா!"

பம்பரம் படிக்கட்டுக்கும் லிஃப்டுக்குமாக ஓடினாள், திரும்பினாள், ஓடினாள். பயந்தால் அவளுக்குக் கால் ஓடும். மாஸ்டருக்குக் கை கம்பிக்கு ஓடுகிறது. சும்மா இருக்கும் கைதானே ஓடும்?

சட்டென்று பெட்டியைத் திறந்து, பாட்டில் தண்ணீரில் காபியைக் கரைத்தாள். அட்டை, பிரஷ், மூடிகள் என்று ஒவ்வொன்றாகக் கம்பி வழியே நீட்டினாள்.

"நான் சொல்ற வரைக்கும் லிஃப்ட் நகராது மாஸ்டர். உட்காருங்க. இடது கையில அட்டையைத் தட்டு மாதிரி பிடிங்க. சாஞ்சா காபி ஓடிரும். வலது கையில பிரஷ்."

"எனக்கு வரையவே வராது பாப்பா."

"உங்களுக்கு யாரை ரொம்பப் பிடிக்கும்?"

"என் நாயை."

"அப்போ அதை வரைங்க."

மாஸ்டர் உட்கார்ந்தார். மூடியை முகர்ந்து பார்த்தார். "இதைக் குடிக்கலாமா?"

"அந்த பிரஷ்ஷை நான் வாயில வெச்சுத்தான் கூராக்குவேன்."

"வேண்டாம், வேண்டாம்."

முதலில் வயிறு வந்தது. காபி குளம்போல் தேங்கியது. "ஐயோ, ஊதிப்போச்சு!"

"நல்லா சாப்பிடற நாய் போல."

மாஸ்டர் சிரித்துவிட்டார்.

"எடுத்துட்டாரா?"

பம்பரம் பார்த்தாள். ஒரு கை அட்டையில், ஒரு கை பிரஷ்ஷில். தன் கையையும் கம்பியிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

"எடுத்துட்டாரும்மா! சுத்து!"

லிஃப்ட் நடுங்கியபடி ஏறத் தொடங்கியது. 'கிறீச்... கிறீச்...' மாஸ்டரின் தோள்கள் விறைத்தன. இடது கை மெல்ல எழுந்தது. அட்டை சாய்ந்து, குளம் ஓரத்துக்கு ஓடியது.

"மாஸ்டர், காபி! வால் எந்தப் பக்கம் வருது?"

"வாலா? இந்தப் பக்கம்..." அவசரமாக அட்டையை நேராக்கிக் குனிந்துகொண்டார்.

"காலு நாலும் எங்க?"

"இரு பாப்பா, ஒண்ணொண்ணாத்தானே வரும்!"

பம்பரத்தின் கால்கள் தரையோடு ஒட்டியிருந்தன. அதை அவளே கவனிக்கவில்லை.

'டக்.' லிஃப்ட் மாடியோடு சமமாக நின்றது. அம்மா தடதடவென்று இறங்கி வந்து கதவைத் திறந்தாள்.

"முடிஞ்சுது மாஸ்டர். வெளிய வாங்க!"

"கொஞ்சம் பொறும்மா," என்றார் மாஸ்டர், தலையை நிமிர்த்தாமலே. "இன்னும் ஒரு காது பாக்கி."