காலிக் குழியில் மஞ்சள்

ரத்தமே சேர்க்காத குழியில் நிறம் வந்திருந்தது.

லேசான மஞ்சள்தான். வெண்மதி பிளேட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்தில், தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. காய்ச்சல் கண்ட உடம்பில், நோயோடு போராடும் செல்கள் ஒரு ரிசப்டர் புரதத்தை ரத்தத்தில் உதிர்க்கும். குழிகளின் அடியில் பூசியிருக்கும் ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பிடித்ததோ அவ்வளவு மஞ்சள். நல்ல உடம்பிலும் அது கொஞ்சம் இருக்கும். உயிரோடு இருக்கும் எவருக்கும் அறவே இல்லாமல் போகாது. 'பிளாங்க்' என்று எழுதிய குழியில் மட்டும் வெறும் கரைசல். அது தண்ணீர்போலத் தெளிந்து நிற்க வேண்டும்.

போன வாரம் அப்படித்தான் நின்றது. நிறத்தை அளக்கும் ரீடர் 0.05 காட்டியது. இன்று 0.12.

சிதம்பரத்தில் இருக்கும் அந்தத் தனியார் ஆய்வுக்கூடத்துக்கு அவள் கடலூர் செம்மண்டலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து மூன்று வருடம் ஆகிறது. பிளாங்க் கெட்டால் அந்த பிளேட்டில் இருக்கும் அத்தனை நோயாளிகளின் கணக்கும் வீண். இன்னொரு முறை தப்பு வந்தால் வேலையை ஜான்சியிடம் கொடுத்துவிடுவேன் என்று தலைமை விஞ்ஞானி ஜெயராணி மேடம் சொல்லியிருந்தார்.

ஜான்சி ஜூனில் சேர்ந்த டெக்னீஷியன். சோதனைக் கிட்டும் ரத்த டியூப்களும் வைக்கும் ஃபிரிட்ஜுக்கு இரண்டு சாவி. ஒன்று அவளிடம்.

அடுத்த வாரம், யாராவது திறந்தால் தெரியட்டும் என்று வெண்மதி டியூப் மூடிகளில் நகப்பூச்சால் கோடு போட்டு வைத்தாள். காலையில் கோடு ஒன்றும் கலையவில்லை. ஆனாலும் பிளாங்க் 0.23 வந்தது. குளோரின் நெடி அடிக்கும் அந்த நீண்ட அறையில், ஏசியின் வெளிப்பெட்டி மேல் ஐப்பசி மழை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, அவள் மூன்று வாரத்து எண்களையும் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் பதினொன்றாம் சாம்பிள் கண்ணில் பட்டது. நோயில்லாதவர்களின் ரத்தமும் ஒப்பிட வேண்டுமென்று ஊழியர்களே வாரம் ஒருமுறை கொடுப்பது வழக்கம். பதினொன்று அவளுடையது. 0.42. பிறகு 0.35. இப்போது 0.24.

பிளாங்க் ஏறிய அளவுக்கு அவள் இறங்கியிருந்தாள்.

யாரோ அவள் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை எடுத்து பிளாங்கில் கலக்கிறார்கள். அவள் ரத்தத்தை எடுப்பது ஜான்சிதான்.

"என் டியூப்பத் தொட்டியா?" என்றாள், ஜான்சி கை கழுவிக்கொண்டிருந்தபோது.

"நான் ஏங்க்கா தொடப் போறேன்?" ஜான்சி குழாயை மூடினாள். "நீங்கதான் ஒரு மாதிரியா இருக்கீங்க. நேத்து ஏழு மணி வரைக்கும் இங்கயே குந்திக்கிட்டிருந்தீங்க. கூப்புட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"நான் அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிட்டேன்."

ஜான்சி ஈரக் கையோடு அவளையே பார்த்தாள். பொய் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவள் பார்வை அது என்று வெண்மதி நினைத்தாள். அதற்குள் பயமும் இருந்ததை அவள் கவனிக்க விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் வந்தாள். வீட்டில் கணவன் எழிலன் தூங்கிக்கொண்டிருந்தான். ஒன்பது மணிக்கு லேபுக்குள் நுழைந்து உள்தாழ்ப்பாள் போட்டாள். புது கிட், சீல் உடைக்காத கரைசல் பாட்டில். இடது முழங்கை மடிப்பில் தானே ஊசி ஏற்றி ரத்தம் எடுத்தாள். டியூப்பில் ஏறியது வழக்கத்தைவிட வெளுத்துத் தெரிந்தது. பஞ்சு வைத்து ஒட்டினாள்.

பிறகு வேலை. கரைசல், காத்திருப்பு, கழுவல், மறுபடி காத்திருப்பு. மழை வலுத்து பகலே மங்கியது. ஃபிரிட்ஜின் உறுமல் நின்றபோதெல்லாம், அறைக்கோடியில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல ஓர் அமைதி விழுந்தது. திரும்பினால் காலி ஸ்டூல்கள், கவிழ்த்து வைத்த பீக்கர்கள், கண்ணாடியில் வழியும் தண்ணீரின் நிழல்.

இரண்டு மணிக்கு நிறம் தரும் திரவத்தை விட்டாள். முதலில் நீலம் வர வேண்டும்.

வந்தது. பிளாங்க் குழியில்.

ஆசிட் விட்டாள். நீலம் மஞ்சளாகத் திரும்பியது. பிளாங்க் 0.42.

தன் குழியைப் பார்த்தாள். தண்ணீர். 0.05.

யாரும் உள்ளே வரவில்லை. தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. யாரும் எதையும் தொடவில்லை.

முழங்கைப் பஞ்சைப் பிய்த்தாள். வெள்ளை. ஒரு பொட்டுச் சிவப்பில்லை. ஊசி குத்திய இடத்தை அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை.

போனில் எழிலனைக் கூப்பிட்டாள்.

"மாமா, வண்டிய எடுத்துக்கிட்டு உடனே வா. எனக்கு பயமா இருக்கு."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அடுப்படியில நின்னுக்கிட்டு எதுக்கு போன் பண்ற?"

"நான் சிதம்பரத்துல இருக்கேன் மாமா. லேப்ல."

"வெளையாடாத. பதினோரு மணிக்கே வந்துட்ட. ரசம் தாளிக்கிற வாசன இங்க வருது."

கடுகு வெடிக்கும் சத்தம் அவள் காதுக்கும் கேட்டது.

வீடியோவுக்கு மாற்றினாள். செம்மண்டலம் வீட்டுக் கூடம் ஆடி ஆடி நகர்ந்தது. டிவி. சாப்பாட்டு மேஜை. அடுப்படி வாசல்.

ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். வெண்மதியின் பச்சை நைட்டி. வெண்மதியின் கொண்டை. இடது முழங்கை மடிப்பிலிருந்து ரத்தம் கோடாக இறங்கி, கரண்டி பிடித்த விரல்கள் வரை வந்திருந்தது. அவள் துடைக்கவில்லை.

"என்னடி கையில? ஐயோ, இவ்ளோ ரத்தம்!" எழிலன் பதறினான். "இரு, உன் போன யாரோ வெச்சிருக்காங்க. இந்தா பாரு. ஆளே தெரியல. வெறும் செவுருதான் தெரியுது."

திரையின் மூலையில், தன் முகம் தெரிய வேண்டிய சின்னக் கட்டத்தை வெண்மதி பார்த்தாள். ஃபிரிட்ஜ். சுவர். காலி ஸ்டூல்.

"மாமா!" என்று கத்தினாள். எழிலன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

அடுப்படியில் நின்றவள் திரும்பினாள். வெண்மதியின் முகம்தான், கன்னங்களில் நல்ல சிவப்பு. எழிலனிடமிருந்து போனை வாங்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு ரத்தம் சொட்டும் கட்டைவிரல் மெல்ல நீண்டு வந்து, திரை முழுவதையும் சிவப்பாக மூடியது.