இன்னும் எட்டு நிமிடம்

காலை ஒன்பது மணிக்குக் கருவியை இயக்கி, வலைத்தொப்பியை என் தலையிலேயே மாட்டிக்கொண்டு, மூன்று விநாடி சோதித்துப் பார்ப்பது என் வேலை. நகக்கண்ணில் ஊசி ஏறுவதுபோல் இருக்கும். மூன்றாவது விநாடியில் தானாக நின்றுவிடும். காயம் இருக்காது, தழும்பு இருக்காது, நரம்புக்கு மட்டும்தான் தெரியும். பிறகு பதிவேட்டில் 'சரி' என்று எழுதிவிட்டு, கை கழுவி, டீ குடிப்பேன். பத்தொன்பது வருடம் என் நாள் இப்படித்தான் விடிந்தது.

என் பெயர் ஜெபக்கனி. தூத்துக்குடியில், கடற்சுவருக்கு உள்பக்கம், தென்கரைக் கூட்டாட்சியின் தலைமைச் செயலகத்தில் இரண்டாவது மாடி ஏற்பறைக்குப் பொறுப்பாளர். ஏற்பறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாற்காலி, நரம்பில் வலி ஏற்றும் ஒரு வலிப்படிக் கருவி, ஒரு கேமரா. இதே போன்ற நாற்காலியும் கருவியும் அடித்தளத்திலும் உண்டு. அதற்குக் கீழறை என்று பெயர். அங்கே கைதிகளை உட்கார வைப்பார்கள். மேலே, என்னிடம், மந்திரிகள் உட்காருவார்கள்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் முந்தைய தலைமுறை பட்ட பாட்டில் பிறந்த ஏற்பாடு இது. அப்போதெல்லாம் சித்திரவதைக்குக் கையெழுத்துப் போட்டவருக்குச் சிலை வைத்தார்கள்; சொன்னதைச் செய்த ஏட்டு ஜெயிலுக்குப் போனார். மக்கள் கொதித்துப்போய் ஏற்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஒருவரை வலிகொடுத்து விசாரிக்க ஆணையிடும் தலைவர், அதே வலியை அதே அளவு நேரம் முதலில் தான் ஏற்க வேண்டும். 'போதும்' என்று சொன்னால் நிறுத்திவிடுவோம், ஆணையும் அதோடு செத்துவிடும். முழுதாக ஏற்றுக்கொண்டால்தான் கையெழுத்து செல்லும். அப்படி ஏற்றவர் மீது பிறகு வழக்கு கிடையாது.

சட்டம் நன்றாகவே வேலை செய்தது. என் காலத்தில் முப்பத்தொரு பேர் வந்தார்கள். வரும்போது நாட்டின் பாதுகாப்பு, பயங்கரவாதம் என்று வாய்கிழியப் பேசுவார்கள். முப்பது பேர் இரண்டு நிமிடம் தாண்டவில்லை. உள்துறையில் ஒருவர் தொப்பியைப் பார்த்ததுமே தனக்குப் பல்வலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். ஒவ்வொருவர் ஓடும்போதும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வரும். கீழறை தூசி படிந்து கிடந்தது. அந்தத் தூசியில் எனக்கும் பங்கு உண்டு என்று பெருமையாக இருந்தேன்.

முப்பத்தொன்றாவது ஆள் தலைமை அமைச்சர் இளம்பரிதி.

போன ஐப்பசியில் கடற்சுவரின் நான்காம் மதகு உடைந்து பன்னிரண்டு பேர் செத்துப்போனார்கள். மதகின் பம்ப் ஆபரேட்டர் சூசைமிக்கேல்தான் நாசவேலை செய்தான், இன்னும் மூன்று மதகுகளுக்குக் குறிவைத்திருக்கிறார்கள் என்று பேச்சு பரவியது. நாற்பது நிமிட விசாரணைக்கு ஆணை தயாரானது. இளம்பரிதி மாடிப்படியில் ஏறி வந்தார், லிஃப்டில் வரவில்லை. எனக்கு வணக்கம் சொன்னார், என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து, "ஆரம்பிங்கம்மா" என்றார்.

நாற்பது நிமிடமும் இருந்தார். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடித்ததில் உதடு கிழிந்தது, வேட்டி நனைந்தது, போதும் என்ற சொல் மட்டும் வரவில்லை. முப்பத்திரண்டாவது நிமிடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் எட்டு நிமிசம்தான்" என்றார். நேரலையில் நாடே பார்த்தது. மறுநாள் சுவரெல்லாம் அவர் முகமும் அந்த வாசகமும்தான். என் கண்ணிலும் நீர் வந்தது. இப்படி ஒரு தலைவர் கிடைக்க நாம் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எல்லோரையும் போல நானும் சொன்னேன்.

அதே பிற்பகல் கீழறையில் சூசைமிக்கேலை உட்கார வைத்தார்கள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கூட்டாளிகள் என்று வாய்க்கு வந்த பெயர்களையெல்லாம் சொன்னார். அதில் இரண்டு பேர் எப்போதோ இறந்துபோனவர்கள். மூன்று மாதம் கழித்துப் பொறியாளர் அறிக்கை வந்தது. மதகின் கீல் துருப்பிடித்துத்தான் உடைந்திருக்கிறது. துரு பற்றி சூசைமிக்கேலே நான்கு முறை கடிதம் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அவரைச் சிறையிலிருந்து விட்டார்கள்.

இளம்பரிதி மீது வழக்குப் போட வேண்டும் என்று வழக்கறிஞர் ரெஹானா நீதிமன்றம் போனார். சட்டம் இளம்பரிதி பக்கம் இருந்தது. அதே வலி, அதே நேரம், ஏற்றாகிவிட்டது, விலக்கு உண்டு. மேலே கொடுத்த வலியும் கீழே கொடுத்த வலியும் ஒன்றுதான் என்று உறுதிசெய்ய என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். அதற்கென்ன, கருவிப் பதிவு இருக்கிறது, ஐந்து நிமிட வேலை என்று போனேன்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டு கையிலும் கைக்கடிகாரம். நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் பார்த்துக்கொண்டார். அதுதான் சூசைமிக்கேல் என்று தெரிந்ததும் எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. போகவில்லை. நான் யார் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அக்கா, உண்மையிலேயே நாப்பது நிமிசந்தானா?"

ஆமாம், பதிவு இருக்கிறது என்றேன்.

"எம் பொண்டாட்டியும் அன்னைக்குச் சாயங்காலமே ஒன்ன ஜெயில்ல வந்து பாத்தேன்னு சொல்லுதா. நான் நம்பல. மூணு நாள் இருந்திருக்கும்க்கா. முடியவே முடியாதுன்னுதான் நெனச்சேன். முடியும்னு தெரிஞ்சிருந்தா ஒருவேளை பல்லக் கடிச்சிட்டு இருந்திருப்பேன். செத்தவன் பேரையெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன்." இரண்டு கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டார். "'இன்னும் எட்டு நிமிசம்'னாகளே, அவுகளுக்கு மணி எப்படித் தெரிஞ்சுது?"

எப்படித் தெரிந்தது என்று உலகத்திலேயே எனக்குத்தான் தெரியும்.

ஏற்பறையில் கடிகாரம் இருக்கக் கூடாது. கீழறையில் இல்லாத எதுவும் மேலே இருக்கக் கூடாது என்று கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதர்கள் வந்தால் வெறும் நாற்காலியைக் காட்ட மாட்டோம். முதுகுக்கு ஒரு திண்டு, ஒரு டம்ளர் தண்ணீர், எதிரே கேமராவுக்கு அடியில் என் வீட்டு நீலநிற மேசைக் கடிகாரம். எனக்கு முன்பு இருந்தவரும் அப்படித்தான் செய்தார். தப்பு என்று யாருக்கும் தோன்றியதில்லை. மரியாதை என்றுதான் நினைத்தோம். இரண்டு நிமிடத்தில் ஓடுகிறவர்களுக்கு அதனால் ஆனதும் இல்லை, போனதும் இல்லை. நாற்பது நிமிடம் இருந்தவருக்கு அது கைப்பிடிச் சுவராக இருந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் கரை சேர்ந்தார்.

உள்ளே கூப்பிடுவதற்கு முன் ரெஹானாவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "அம்மா, இதை நீங்க கூண்டுல ஏறிச் சொன்னா விலக்கு உடைஞ்சிடும். ஆனா ரெண்டாவது குற்றவாளி நீங்கதான். யோசிச்சுக்கோங்க."

யோசித்தேன். வேலை போகும். சிறை உண்டு. அவமானம் தனி. சொல்லாவிட்டால் இளம்பரிதி வீட்டுக்குப் போவார். அடுத்து வருகிற தலைவரும் நாற்பது நிமிடம் பல்லைக் கடிக்கக் கற்றுக்கொள்வார். கீழறையில் தூசி படியவே படியாது. பெஞ்சில் சூசைமிக்கேல் இன்னும் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயமாகத்தான் இருந்தது, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

கூண்டில் ஏறிச் சொன்னேன். நேரலைப் பதிவைத் திரையில் போட்டார்கள். தலைவரின் கண்கள் நாற்பது நிமிடமும் கேமராவுக்குச் சற்றுக் கீழே ஒரே இடத்தில் நின்றன. நாடே அதைத் தொலைநோக்கு என்று நினைத்திருந்தது. "இன்னும் எட்டு நிமிசம்தான்" என்ற குரல் வந்தபோது அவையில் ஒருவரும் கைதட்டவில்லை.

இளம்பரிதியின் வழக்கறிஞர் எழுந்து, ஒரு மேசைக் கடிகாரம் வலியைக் குறைக்குமா, அற்ப விஷயத்தை வைத்து ஒரு தியாகத்தைக் கொச்சைப்படுத்துவதா என்று என்னை நெருக்கினார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"அற்ப விஷயம்னா, அது இல்லாம ஒரு தடவை உக்காரச் சொல்லுங்க. நாப்பது நிமிசமா நாலு நாளா, நான் சொல்ல மாட்டேன்."

நீதிபதி என்னைக் கண்டித்தார். எவரையும் அப்படி உட்கார வைக்க இந்த மன்றம் ஆணையிடாது என்றார். பிறகு, சாட்சி சொன்னதற்குத் தலைமை அமைச்சருக்கு ஏதாவது பதில் உண்டா என்று கேட்டார்.

இளம்பரிதி பொய்யர் இல்லை. அதுதான் அவரைக் கவிழ்த்தது. என்னைப் பார்த்தார். வழக்கறிஞர் தோளைத் தொடுவதற்குள் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எப்ப முடியும்னு தெரியாம எவன் உட்காருவான்?"

சூசைமிக்கேல் எழுந்து நின்றார். நீதிபதி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார், உட்காரச் சொல்லவில்லை.

விலக்கு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி இன்னொன்றும் எழுதினார்: தன் வலியைக் கொடுத்து அடுத்தவன் வலியை வாங்கும் உரிமை எந்தத் தலைவருக்கும் இல்லை, கடிகாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இளம்பரிதிக்கு ஏழு வருடம். எனக்கு எட்டு மாதம். சட்டமன்றம் அடுத்த வாரமே ஏற்புச் சட்டத்தை நீக்கியது. ஏற்பறையும் கீழறையும் ஒரே நாளில் மூடப்பட்டன. இனி ஆணையிட்டால் நேராக வழக்குதான்.

என் தண்டனையின் கடைசி மாதம் சூசைமிக்கேல் என்னைப் பார்க்கச் சிறைக்கு வந்தார். கையில் என் நீலக் கடிகாரம். சாட்சிப் பொருளை நீதிமன்றம் திருப்பிக் கொடுத்துவிட்டதாம். அதை எனக்குத் தர வந்தவர், தராமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி என்றேன். அவர் கையில் ஒரு கைக்கடிகாரம்தான் இருந்தது, மற்றதைக் கழற்றிவிட்டிருந்தார்.

"நீங்க வெளிய வர்ற அன்னைக்கு வாசல்ல நிப்பேன்க்கா. என்னைக்குன்னு தெரியுமா?"

தெரியும். தீர்ப்பிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"வர்ற பதினேழாம் தேதி," என்றேன். "காலைல பத்து மணிக்கு."