கொஞ்சம் தாமதமாக ஒரு டும்

சலவைக் கடையில் தொந்தி இருந்தவரை அந்த வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

தொந்தி என்பது ஆள் இல்லை. துணி துவைக்கும் பெரிய பழைய மெஷின். முன்பக்கம் வட்டமான கண்ணாடிக் கதவு, அதற்குக் கீழே பிதுங்கிக்கொண்டு ஒரு வயிறு. அம்மா கடை ஆரம்பித்த நாளிலிருந்து அது சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அதனால் தொந்தி சுற்றினால் வீட்டுக் கட்டிலும் கூடவே லேசாக ஆடும்.

ஒருநாள் தொந்தி ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. பழுதுபார்க்கிறவர் வந்து திறந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பழைய இரும்பு வாங்குகிறவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த இடத்தில் வெள்ளையாக, ஒல்லியாக ஒரு புது மெஷின் வந்து நின்றது. அது ஓடுகிறதா இல்லையா என்று கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அவ்வளவு அமைதி.

புது மெஷினை எல்லோருக்கும் பிடித்துப்போனது, உருண்டையைத் தவிர. உருண்டை வீட்டின் கடைக்குட்டி. இன்னும் பல்கூட முளைக்கவில்லை. பிறந்ததிலிருந்து தொந்திக்குப் பக்கத்தில், துணிக்கூடைக்குள் படுத்துத் தூங்கிப் பழகியவன். தொந்தி போன அன்றைக்கு அழ ஆரம்பித்தான். நிறுத்துகிற யோசனையே அவனுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

அப்பா கப்பலில் சமையல்காரர். அவர் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அம்மாவுக்குப் பகலெல்லாம் கடை, இரவெல்லாம் உருண்டை. ஒரு மாலை, சூடான இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிவிட்டார். யாரோ ஒருவருடைய சட்டை முதுகில் பெரிய ஓட்டை விழுந்தது. நல்லவேளை, கையில் படவில்லை.

அன்று அம்மா சித்திக்கு போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை வந்து இவனைத் தூக்கிட்டுப் போயிடு. கொஞ்சம் வளரட்டும், அப்புறம் நானே வந்து கூட்டிக்கிறேன். எனக்கு வேற வழி தெரியலடி."

பிறகு துண்டு மடிக்கிற சாக்கில், அந்தத் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள் முணுமுணு. உருண்டையின் அக்கா. எந்நேரமும் ஏதாவது ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே திரிவதால் வந்த பெயர் அது. தம்பியை வேறு ஊருக்கு அனுப்பப்போகிறார்கள் என்றதும் அவள் நேராக அண்ணனிடம் போனாள்.

"அண்ணா, தொந்தி சத்தம் வேணும்."

"தொந்தியை உருக்கிக் கரண்டி பண்ணியிருப்பாங்க இந்நேரம்."

"தொந்தி வேணாம், சத்தம் போதும்."

அண்ணனுக்குக் கணினி விஷயத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஒரு நினைப்பு உண்டு. அப்பா விட்டுப்போன பழைய மடிக்கணினியைத் திறந்து, இணையத்தில் மெஷின் சத்தங்களைத் தேடி, ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். உருண்டை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அழுதான்.

"இது எதுவும் தொந்தி இல்ல. நாமளே ஒரு தாலாட்டு பண்ணணும். தொந்தி மாதிரியே, ஆனா பாட்டா," என்றாள் முணுமுணு.

"அதுக்கு சாஃப்ட்வேர் வேணுமே. நல்லதெல்லாம் மாசாமாசம் காசு கேக்கும். என் ஃபிரெண்டுகிட்ட ஒண்ணு இருக்கு. பூட்டை உடைச்சு வச்சிருக்கான். பென் டிரைவ்ல வாங்கிட்டு வரவா?"

"திருட்டுப் பெட்டியில தாலாட்டா? வேணாம். தம்பி இன்னும் நல்லா முழிச்சுக்குவான்."

அண்ணன் யோசித்தான். "அப்போ இலவசமா இருக்கிறதைத்தான் தேடணும்."

அம்மாவிடம் கேட்டுவிட்டு, முதலில் ஒன்றை இறக்கினார்கள். ஆகா, என்ன அழகு. கறுப்புத் திரையில் பச்சை விளக்குகள், திருகும் குமிழ்கள், பியானோ, வீணை, புல்லாங்குழல். விமானத்தின் முன்சீட்டில் உட்கார்ந்த மாதிரி அண்ணனுக்கு மார்பு விரிந்தது. முணுமுணு அதில் ஒரு மெட்டை வாசித்தாள். உருண்டை அழுகையை நிறுத்தினான். இமைகள் கனத்தன. இதோ மூடப்போகின்றன.

"இது சோதனைப் பதிப்பு. முழுப் பதிப்பை வாங்குங்கள்," என்றது ஒரு பெண்குரல், பாட்டுக்கு நடுவில்.

உருண்டை திடுக்கிட்டு வீறிட்டான்.

மறுபடி வாசித்தார்கள். மறுபடி இமைகள் இறங்கின. மறுபடி அந்தக் குரல் வந்தது.

"இந்தம்மாவுக்குத் தூக்கமே வராதா?" என்றான் அண்ணன். போதாக்குறைக்கு, செய்ததைச் சேமிக்கவும் அது விடவில்லை. காசு கட்டினால்தான் சேமிக்கலாமாம்.

அடுத்தது இணையத்திலேயே ஓடும் ஒன்று. முழுவதும் இலவசம். மிட்டாய் நிறத்தில் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் யாரோ முன்பே செய்துவைத்த இசைத் துண்டுகள். எடுத்து வைத்தால் போதும், பாட்டு தயார். நிமிடத்தில் ஒரு பாட்டைச் செய்துவிட்டு முணுமுணு கை தட்டினாள்.

அப்போது தெருவில் ரொட்டி வண்டி வந்தது. அதன் ஒலிபெருக்கியில் அதே பாட்டு.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த ரொட்டிக்காரரும் இந்த சாஃப்ட்வேர்தான் வச்சிருக்கார் போல," என்றான் அண்ணன்.

"அது நம்ம பாட்டு இல்லண்ணா. தம்பி இதைக் கேட்டா தூங்க மாட்டான், ரொட்டிதான் கேப்பான்."

ஆகவே ஆயத்தத் துண்டுகளை விட்டுவிட்டு, வெறும் மத்தளச் சத்தத்தை மட்டும் எடுத்தாள். தொந்தியின் சத்தம் அவளுக்கு மனப்பாடம். டும், டும், அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, அதற்கப்புறம்தான் மூன்றாவது டும். அந்த மூன்றாவது எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ஆனால் திரையில் அதைத் தள்ளி வைக்கப் பார்த்தால், அது காந்தத்தில் ஒட்டுகிற ஊசிபோலப் பக்கத்துக் கட்டத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டது. எத்தனை முறை இழுத்தாலும் அதே கதை.

"அது எல்லாத்தையும் வரிசையில நிக்கவைக்குது," என்றாள் முணுமுணு.

"அதான் சரியான தாளம். கரெக்டா இருக்கிறது ஒரு தப்பா?"

"தொந்தி கரெக்டா இல்லையே."

உருண்டையும் அதையேதான் சொன்னான், தன் பாஷையில், காது கிழிய.

சனிக்கிழமை வந்துவிட்டது. அம்மா உருண்டையின் சட்டைகளை மடித்து ஒரு பையில் வைக்கத் தொடங்கிவிட்டார். முணுமுணுவுக்கு அந்தப் பையைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. அழுதுகொண்டிருந்தால் நேரம்தான் போகும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இந்த முறை அவள் படத்தைப் பார்த்து மயங்கவில்லை. ஒவ்வொன்றையும் இறக்குவதற்கு முன்னால் கேள்வி கேட்டாள். செஞ்சதைச் சேமிக்க விடுமா? நடுவுல யாராவது பேசுவாங்களா? அப்பாவோட கிழட்டுக் கணினியில ஓடுமா? சத்தத்தை நான் வைக்கிற இடத்துல அப்படியே விட்டுவைக்குமா?

கடைசியில் ஒன்று கிடைத்தது. பார்க்க லட்சணமே இல்லை. துணி அலசிய தண்ணீரின் நிறத்தில் ஒரு திரை, அதில் வெறும் கோடுகள். யார் யாரோ சேர்ந்து ஓய்வு நேரத்தில் செய்து, எல்லோருக்கும் சும்மா கொடுத்தது என்று எழுதியிருந்தது.

"இதுல பியானோ இல்ல, வீணை இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்று அண்ணன் மூக்கைச் சுருக்கினான்.

முணுமுணு மேசையை ஒரு தட்டு தட்டினாள். அந்தச் சத்தம் கோட்டின்மேல் குட்டி மலைபோல எழுந்து நின்றது. மலையைப் பிடித்துக் கொஞ்சம் வலதுபக்கம் தள்ளினாள். தள்ளிய இடத்திலேயே நின்றது.

"இதுதான்," என்றாள்.

வாத்தியத்துக்கு எங்கே போவது? கடைதான் இருக்கிறதே. துணி உலர்த்தும் மெஷினிலிருந்து எடுத்த துண்டுகளைக் குவித்து அண்ணன் ஒரு கூடாரம் கட்டினான், வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்க. உள்ளே இருட்டாக, இளஞ்சூடாக, சோப்பு வாசனையாக இருந்தது. முணுமுணு கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடிய கண்ணுக்குள் தொந்தி சுற்றியது. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் நீலச் சட்டை ஒன்று மீன்போல நீந்தியது. வெள்ளைப் போர்வை மெல்ல மெல்ல மேலே ஏறியது. உச்சிக்குப் போனதும், விழலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தது. பிறகு, போனால் போகிறது என்று விழுந்தது. டும்.

"அண்ணா," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "மூணாவது ஏன் லேட்டுன்னு தெரிஞ்சுபோச்சு. மேல போன துணி யோசிக்குது."

அண்ணன் சிரிக்கவில்லை. அவனும் கண்ணை மூடியிருந்தான்.

துணிக்கூடையைக் கவிழ்த்து உள்ளங்கையால் தட்டினார்கள். பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை மெல்லச் சாய்த்தார்கள். ஒரு ஜிப்பைக் கண்ணாடிக் குவளையில் உரசினார்கள். மடித்த போர்வையை உதறினார்கள். அது பெருமூச்சு மாதிரியே வந்தது. ஒவ்வொரு சத்தமும் தனக்கென்று ஒரு கோட்டில் போய்ப் படுத்துக்கொண்டது.

"கொஞ்சம் தள்ளு," என்றான் அண்ணன். "இன்னும் கொஞ்சம். அது யோசிக்கட்டும். ம், இப்ப விழட்டும்."

எல்லாவற்றுக்கும் மேலே முணுமுணு வாயை மூடியபடி ஒரு மெட்டு பாடினாள். அந்த மெட்டு இதற்குமுன் எங்கேயும் இருந்ததில்லை. மெல்ல ஏறியது, உச்சியில் நின்று யோசித்தது, பிறகு தணிந்து வந்தது.

வேலை முடிவதற்குள் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆகிவிட்டது. சித்தி வந்துவிட்டாள். சித்திக்குக் குரல் கொஞ்சம் கணீரென்று இருக்கும்.

"எங்கே என் ராஜா? பை எங்கே? பஸ்ஸுக்கு நேரமாச்சு, சீக்கிரம்."

உருண்டை வழக்கம்போல அழுதுகொண்டிருந்தான். அம்மா பையின் ஜிப்பை மூடுவதற்கு மனம் வராமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சித்தி, ஒரே ஒரு தடவை," என்றாள் முணுமுணு. "இதைக் கேட்டும் அவன் தூங்கலன்னா தூக்கிட்டுப் போங்க."

உருண்டையைக் கூடைக்குள் படுக்கவைத்தாள். கணினியோடு இணைத்த ஒலிபெருக்கியைக் கூடைக்கு அடியில் செருகினாள். அண்ணன் பட்டனை அழுத்தினான்.

டும். கூடை லேசாக நடுங்கியது. டும். தண்ணீர் சலசலத்தது. உருண்டையின் அழுகை பாதியில் நின்றது. வாயைத் திறந்தபடியே அவன் காத்திருந்தான். முணுமுணுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கொஞ்சம் தாமதமாக, மூன்றாவது டும் வந்தது.

உருண்டை நீளமாக மூச்சு விட்டான். கட்டைவிரல் வாய்க்குப் போனது. அக்காவின் மெட்டு ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் கண்கள் மூடிக்கொண்டன. இந்த முறை நடுவில் யாரும் பேசவில்லை.

"தூங்கிட்டான்," என்று அம்மா நம்பமுடியாமல் சொன்னார். துண்டுக் குவியல்மேல் மெதுவாக உட்கார்ந்தார். "நான் சும்மா ஒரு நிமிஷம் இப்படி..." என்று தொடங்கினார். வாக்கியத்தை முடிக்க அவர் விழித்திருக்கவில்லை.

சித்தி ஏதோ சொல்ல வந்து கொட்டாவி விட்டாள். அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அண்ணன் மேசையில் தலையை வைத்தபடி, "சத்தத்தைச் சரிபார்க்கிறேன்," என்றான். சரிபார்க்கும்போது குறட்டையும் விட்டான். முணுமுணு மட்டும் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோருடைய மூச்சும் ஒன்றாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெயில் தணிந்து, தெருவிளக்குகள் எரிந்தபிறகுதான் சித்தி கண் விழித்தாள்.

"ஐயோ, என் பஸ்," என்றாள் கிசுகிசுப்பாக. அவளுக்குக் கிசுகிசுக்கக்கூடத் தெரியும் என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. "நான் இங்க எதுக்குடி வந்தேன்?"

"தூங்கிட்டுப் போகத்தான் சித்தி," என்றாள் முணுமுணு.

அம்மா சிரித்துவிட்டார். எழுந்து, பையிலிருந்த குட்டிச் சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினார். பிறகு வந்து முணுமுணுவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"அப்போ நான் வெறுங்கையோடவா திரும்புறது?" என்றாள் சித்தி.

"காலையில போகலாம். இன்னைக்கு இங்கேயே படு," என்றார் அம்மா.

சித்தி ஏற்கெனவே ஒரு துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, "அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடுடி," என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.