தூரக்கண்ணாடியில் ஈரத்தோல்

“எம் பேரு சம்பத்து. வயசு இருபத்திரண்டு. ஆலங்காயத்துல, ஆம்பூர் தோல் பதனிடுற ஷாப்புக்கு ஆவாரம்பட்டை எடுக்கிற கிடங்குல காவல் இருக்கேன். எழுதுங்க ரைட்டரே.”

கிடங்கு ரைட்டர் துரைசாமி பேனாவைத் தூக்கிப் பிடித்தார். “பெத்தவளுக்கு உன் பேரு தெரியாதா இன்னா?”

“அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எங்க ஊரு கலவையில யாராவது படிச்சுச் சொல்லுவாங்க. அவங்களுக்குத் தெரியணும்ல.”

சொல்லும்போதே சம்பத்தின் கண் மேசையில் கிடந்த துப்பாக்கியில் மாட்டும் தூரக்கண்ணாடிக்குப் போய்விட்டது. சித்திரை வெயிலில், குவித்து வைத்த ஆவாரம்பட்டை முறுகி முறுகித் தானாகவே வெடித்துக்கொண்டிருந்தது. அந்த வறட்சியிலும் கண்ணாடியின் முனையில் ஆவி படிந்திருந்தது. காலையில் துடைத்தான். மறுபடி துடைத்தான். யாரோ வாயைக் கிட்டே வைத்து மூச்சு விடுவதுபோல், எலுமிச்சை வில்லை அளவுக்கு ஒரு வட்டம். சுருங்கியது, விரிந்தது.

கடலைக்கொல்லையில் இறங்கும் பன்றிகளுக்காக முதலாளி ஹயாத் பாஷா துப்பாக்கி வைத்திருந்தார். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது அதற்குக் கண்ணாடி தேட சம்பத்தையும் கூட்டிப்போனார். நீளக் குழல் ஒன்று இருந்தது. அந்தி மங்கினால் அதில் ஒன்றும் தெரியாது. மற்றது முப்பட்டைக் கண்ணாடி வைத்த குட்டைக் குழல். மசங்கும் நேரத்திலும் பளிச்சென்று காட்டும், ஆனால் கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கவேண்டும், சுட்டால் புருவத்தை இடிக்கும். குட்டையைக் கேட்டு வாங்கியவன் சம்பத்துதான்.

“ஜல்தி பண்ணாத. மொதல்ல வெறுங்கண்ணுல பாரு, அப்பால கண்ணாடி,” என்று பாஷா நூறு தடவை சொல்லியிருந்தார்.

போன ஐப்பசி மழையில் அவன் நேரே கண்ணாடியில்தான் பார்த்தான். சின்ன வட்டத்துக்குள் ஈரமான பழுப்பு முதுகு, குனிந்து நகர்ந்தது. பன்றியென்று சுட்டான். வெறுங்கண்ணால் பார்த்திருந்தால் அதற்குக் கீழே இரண்டு மனிதக் கால்கள் தெரிந்திருக்கும்.

அண்ணன் வீரபாகு. தம்பியைப் பார்க்கக் கலவையிலிருந்து வந்தவன். வண்டிக்காரன் கொடுத்த மாட்டுத்தோலை மழைக்குப் போர்த்தியிருந்தான். கையில் அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுத் தூக்கு. சம்பத் அவன் தலையை மடியில் எடுத்து வைத்தபோது, தம்பியின் புருவத்தில் வழிந்த ரத்தத்தைத்தான் அண்ணன் பார்த்தான்.

“அடிபட்டுச்சாடா? சாப்ட்டியா?”

அவ்வளவுதான்.

ஆவாரங்காட்டில் குழி தோண்டி, தோலோடு புதைத்தான். அண்ணனைக் கேட்டு அம்மா ஆள் வைத்து எழுதிப்போட்ட ஆறு கடிதங்களுக்கும், “இங்க வரல” என்று இதே துரைசாமியை எழுதவைத்தான்.

அன்றைக்கே கழற்றிப் பெட்டியில் பூட்டிய கண்ணாடி அது. நாலு நாள் முன்பு மேசைமேல் இருந்தது. எடுத்துப் பார்த்தான். கொல்லையின் கோடியில் பழுப்பாக ஒன்று. வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லை. மறுநாள் கிணற்றருகே. நேற்று வேலியில். தோலுக்குள் முகம். உதடு அசைந்தது.

இன்று அவன் பார்க்கவில்லை.

“அண்ணன் வந்தான். நான்தான் சுட்டுட்டேன்னு எழுதுங்க.”

பேனா நின்றது. பட்டை வெடிப்பதும் நின்றது.

“இன்னாடா ஒளர்ற?”

“எழுதுங்க ரைட்டரே. எங்கம்மா இன்னும் அவனுக்கு ஒலை வெச்சிட்டுக் காத்திருக்கு.”

“இத வெச்சா?” துரைசாமி கண்ணாடியை எடுத்தார். கண்ணில் ஒட்டினார். அவன் பக்கம் திருப்பினார். அவர் வாய் திறந்தது, மூடவில்லை.

“சம்பத்து... உனுக்குப் பின்னால யாரு?”

உப்பு வாடை. ஈரத்தோல் வாடை.

முதுகில் சில்லிப்பு. தோளில் கனம். தலைக்கு மேல் ஏதோ மெதுவாக இழுத்து விடப்பட்டது. நனையாமல் இருக்க, பிள்ளைக்குப் போர்த்துவதுபோல. சட்டைக்குள் தண்ணீர் இறங்கியது.

ஒரு விரல் புருவத் தழும்பைத் தடவியது. மண் ஒட்டிய விரல்.

காதுக்குப் பக்கத்தில்.

“சாப்ட்டியாடா?”

துரைசாமியால் கண்ணாடியை இறக்க முடியவில்லை. சம்பத் திரும்பவில்லை. போர்த்திய தோலுக்குள் உட்கார்ந்தபடியே கடைசி வரியைச் சொன்னான்.

“இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி. எங்கம்மா ஒரு வாய் சாப்ட்ட பிற்பாடு படிச்சுச் சொல்லுங்க.”