ஓர் ஆளுக்கான காற்று

காற்று சுத்தமானால் பச்சையாக எரிய வேண்டிய விளக்கு மூன்றாவது நாளும் சிவப்பாகவே எரிந்தது. காற்றைச் சுத்தம் செய்யும் அந்த ஏர் பியூரிஃபையரை வாங்கும்போது கடைக்காரர் கேட்டது இரண்டே கேள்வி: அறை எத்தனை அடி, எத்தனை பேர் படுப்பார்கள்? பத்துக்குப் பன்னிரண்டு என்று தையற்காரி தன் டேப்பாலேயே அளந்து வைத்திருந்தாள். ஆள் ஒருவர்தான், நுரையீரல் கெட்டுப்போன அண்ணன்.

அப்பா போனதும் வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டு அவளை வெளியே அனுப்பிய அண்ணன். பெற்ற மகன் கைவிரித்த பிறகுதான் தங்கை நினைவு வந்தது. கண்ணாடிக் கதவு போட்ட பின்னறையை அவள் கொடுத்தாள்; முகம் கொடுக்கவில்லை. வந்த அன்றே அவர், அறையில் கூட்டமாக இருக்கிறது, மூச்சு முட்டுகிறது என்றார். பழைய அதிகாரம் இன்னும் போகவில்லை என்று நினைத்து அவள் காதில் வாங்கவில்லை.

மெக்கானிக் வந்து, வடிகட்டியைக் கழற்றித் தட்டி மாட்டி, இயந்திரத்தை முன்னறையில் வைத்து ஓட்டினார். உடனே பச்சை. பின்னறையில் மறுபடி சிவப்பு.

“மெஷின்ல கோளாறு இல்லக்கா. ஒரு ஆளுக்கு இந்த சைஸ் தாராளம். இது என்னமோ ஏழெட்டுப் பேர் அடைஞ்சு கிடக்கிற மாதிரி காட்டுது.”

இரண்டு மடங்கு பெரியதை வாங்கிப் போட்டாள். அதுவும் சிவப்பு. அன்று மாலை அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கதவைத் திறந்து வைம்மா. இவங்க எனக்கு மிச்சமே வைக்க மாட்டேங்கறாங்க.”

“மிச்சம் வைக்காம எடுத்துக்கிட்டா எப்படி இருக்கும்னு இப்பவாவது தெரியுதா?”

கதவைச் சாத்திவிட்டு வந்து தைக்க உட்கார்ந்தாள். இருமல் நின்றபோது நிம்மதியாகக்கூட இருந்தது.

காலையில் அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மகனுக்குச் சொல்லியனுப்பி, அவன் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அவள் வீடு திரும்பினாள். நல்ல வெயில் நேரம். மருந்து நெடியும் பழைய வியர்வை வாடையும் கலந்து நின்ற கூடத்திலிருந்து பார்த்தாள்; பின்னறையின் சாத்திய கண்ணாடிக் கதவுக்கு அப்பால், காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இயந்திரம் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது.

சிவப்பு.

போன் அடித்தது. அண்ணன் மகன்.

“அத்தை... அப்பா போயிட்டாரு.”

கதவுக் கண்ணாடியின் அடியில், முழங்கால் உயரத்தில், மூச்சு பட்டதுபோல ஆவி படிந்தது. மறைந்தது. இடுப்பு உயரத்தில் ஒன்று. தோள் உயரத்தில் இன்னொன்று. ஏழு. எட்டு. எல்லாம் ஒன்றாகப் படிந்தன. ஒன்றாக மறைந்தன.

அருகில் போனாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தாள். விரல் நனையவில்லை. எல்லாம் உள்பக்கம்.

அவள் தலைக்கு மேலே புதிதாக ஒன்று படிந்தது. அகலமாக. திணறித் திணறி.

துடைத்தாள்.

விரல் நனைந்தது.