பதினஞ்சாவது பேர்

ரக்பின்னு ஒரு ஆட்டம். பாபநாசம் பக்கத்துல, நெல்லைத் தவிர வேற எதையும் பார்க்காத ஒரு ஊர்ல, மிராசுதார் செல்லத்துரை அதுக்கு ஒரு கிளப் வெச்சிருந்தார். சிரிக்காதீங்க. அந்தக் கிளப் நிஜமா பொய்யான்னு பார்த்து எழுதிட்டு வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினாங்க. எழுபத்து மூணு, ஐப்பசி மாசம். நான் அப்ப ரெவின்யூ இன்ஸ்பெக்டர், பேரு அமிர்தலிங்கம்.

உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பெரிய பண்ணைக்காரங்க நிலத்தைப் பொண்டாட்டி பேர்ல, பொறக்காத பேரன் பேர்ல எல்லாம் எழுதிக்கிட்டிருந்த காலம் அது. செல்லத்துரை மெட்ராஸ்ல படிச்சவராச்சே, பன்னெண்டு ஏக்கரை விளையாட்டு மைதானம்னு எழுதிட்டார். அந்த மைதானத்து மேட்டுல ஒன்பது குடிசை. பண்ணை வேலை செய்யிறவங்களோடது. குடியிருக்கிறவங்களுக்கே மனை சொந்தம்னு சட்டம் வந்திருந்துச்சு. கிளப் நிஜம்னு நான் எழுதினா, அங்க யாரும் குடியிருக்கலைன்னு ஆயிடும். மறுநாளே குடிசையைப் பிரிச்சிடலாம். இதுதான் விஷயம்.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் காரியஸ்தர் இராஜாங்கம் குடையோட ஓடி வந்தார். மதியம் மூணு மணிக்கே வானம் கருத்துக் கிடந்துச்சு. கையில டைப் அடிச்ச நாலு பக்கம்.

"கிளப்போட வரலாறு சார். அம்பத்தெட்டுல ஆரம்பிச்சது. திருச்சியை ஜெயிச்சிருக்கோம்."

ஒரு கோப்பையையும் நீட்டினார். கும்பகோணத்துப் பாத்திரக்கடைச் சரக்கு. பேர் வெட்டினவன் பழக்கதோஷத்துல, 'மணமக்களுக்கு அன்பளிப்பு'ன்னு வெட்டித் தொலைச்சிருந்தான்.

"இது எந்த மேட்ச்ல ஜெயிச்சதுங்க?"

"ஒரு கல்யாணத்தன்னிக்கு நடந்த மேட்ச் சார்."

மனுஷனுக்கு நாக்கு கொஞ்சமாவது கூசணுமே! ஊஹூம்.

மைதானம்னு சொன்னது தரிசாப் போட்ட வயல். ரெண்டு ஓரத்துலயும் தென்னங்கழியை நட்டு, குறுக்கே மூங்கிலைக் கட்டி வெச்சிருந்தாங்க. பந்து அம்மிக் குழவி மாதிரி இருந்துச்சு. அரை டிராயரை மாட்டிக்கிட்டுப் பண்ணையாளுங்க சேத்துல நின்னுக்கிட்டிருந்தாங்க, முகத்துல ஈ ஆடலை. விளையாட வந்தவங்களா அவங்க? கூப்பிட்டு நிறுத்தினா நிக்கணும், அவ்வளவுதான்.

எண்ணினேன். பதினாலு பேர். இராஜாங்கம் குடுத்த கிளப் பதிவேட்டுல பதினஞ்சு பேர்.

"வைரக்கண்ணுன்னு ஒரு ஆள், வெளியூர் போயிருக்கான் சார்"னார் இராஜாங்கம்.

வரப்புல நின்ன ஒரு பொம்பளை கிட்ட வந்தா. காத்தாயி. வைரக்கண்ணு பொண்டாட்டி.

"வெளியூர் எங்கங்கய்யா போச்சு? அது செத்து ரெண்டு மாசமாச்சு. மனைப்பட்டாவுக்குன்னு சொல்லி இந்தக் கிளப் பதிவேட்டுல கைநாட்டு வாங்கினாங்க. ஏமாத்திட்டாங்கன்னு தெரிஞ்சதும், குடிசையை விட்டு நகர மாட்டேன்னுச்சு. மறுநாள் வாய்க்கால்ல கெடந்துச்சு. முழங்கால் தண்ணிங்கய்யா. அதுல யாராச்சும் முழுகுவாங்களா?"

இராஜாங்கம் அவளை முறைச்சார். செத்தவன் பேரை அடிக்க மறந்துட்டார். இந்த லட்சணத்துல ஊரை ஏய்க்கக் கிளம்பிட்டாங்க.

"ஆட்டத்தைப் பாருங்க சார்"னு விசில் ஊதினார்.

ஏழு பேர் இந்தப் பக்கம், ஏழு பேர் அந்தப் பக்கம். தோளோட தோள் கோத்து, குனிஞ்சு, தலையை முட்டிக்கிட்டுத் தள்ளினாங்க. மூச்சு வாங்குற சத்தம். சேறு களக் களக்னுச்சு. மழை பிடிச்சுக்கிச்சு.

எனக்கு எதைக் கண்டாலும் எண்ணுற புத்தி. காலை எண்ணினேன்.

முப்பது.

மறுபடி எண்ணினேன். முப்பது.

பேய்க்குக் கால் கிடையாதும்பாங்க. இதுக்கு இருந்துச்சு. நடுவுல, மத்த காலெல்லாம் சேத்துல வழுக்க, ரெண்டு கால் மட்டும் அசையாம ஊன்றி நின்னுச்சு. தண்ணியில ஊறி வெளுத்து, தோல் சுருங்கின கால்.

வாய்க்கால் சேத்து வாடை குப்புன்னு வந்துச்சு.

மூணாவது தடவை எண்ணாம, பதிவேட்டைப் பிரிச்சுப் பேர் கூப்பிட ஆரம்பிச்சேன். குனிஞ்ச வாக்குலயே ஒவ்வொருத்தனா "இருக்கேங்க"ன்னான். பதினாலு ஆச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கலை.

"வைரக்கண்ணு."

மழைச் சத்தம் மட்டும்.

"இருக்கேங்க."

கும்பலுக்கு அடியிலேருந்து வந்துச்சு. தண்ணிக்குள்ளேருந்து பேசுற குரல்.

"எங்க?"ன்னு என்னை அறியாம கேட்டுட்டேன்.

"இங்கதாங்க."

அலறிக்கிட்டுப் பிரிஞ்சு ஓடினாங்க. பதினாலு பேர். நடுவுல அந்தக் குழவிப் பந்து கெடந்துச்சு. அதுக்குப் பக்கத்துல ரெண்டு பாதத் தடம், தண்ணி நிரம்பி.

காத்தாயி ஓடலை. அழுதுக்கிட்டே என் கையைப் பிடிச்சா.

"கேட்டீங்கல்ல? இங்கதான் இருக்கேங்குது. எழுதுங்கய்யா. இங்கதான் குடியிருக்குன்னு எழுதுங்க."

எழுதியிருக்கலாம். ஒரு வரி. ஒன்பது குடும்பம் பொழைச்சிருக்கும். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அந்த இடத்தை விட்டு ஓடினாப் போதும்னு, பதினஞ்சாவது பேருக்கு நேரா ஒரு டிக் போட்டேன்.

இராஜாங்கம் முகம் வெளுத்துத்தான் கெடந்துச்சு. ஆனாலும் டிக்கைப் பார்த்ததும் பல்லு தெரிஞ்சுச்சு.

"பதினஞ்சு பேரும் ஆஜர். அப்ப கிளப் நிஜம்தானே சார்?"

கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். செத்தவன் தன் வீட்டுக்காகச் சொன்ன சாட்சியை, அவன் வீட்டை இடிக்கிறதுக்குச் சாட்சியா மாத்தினவன் நான். செல்லத்துரையைக் காறித் துப்பறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை? தை பொறக்கறதுக்குள்ள ஒன்பது குடிசையும் போயிடுச்சு. காத்தாயி எங்க போனான்னு நான் கேட்கலை. மைதானத்துல அடுத்த போகம் நெல்லு நட்டாங்க.

இப்ப நான் பென்ஷன்காரன். வருஷா வருஷம் கருவூலத்துக்குப் போய் உயிரோட இருக்கேன்னு காட்டணும். போன வாரம் போனேன். நல்ல வெயில், ஒரு சொட்டு மழை இல்லை. கவுண்டர்ல இருந்த பொண்ணு தலையை நிமித்தாம பேரைக் கூப்பிட்டா.

"அமிர்தலிங்கம்."

சேத்து வாடை வந்துச்சு.

"இருக்கேங்க." என் காதுக்குப் பின்னாலேருந்து.

"எங்க இருக்கீங்க, பழைய அட்ரஸ்தானா?"

"இங்கதாங்க."

அந்தப் பொண்ணு டிக் போட்டுட்டா. நான் இன்னும் வாயே திறக்கலை.