மங்கிஸ் தந்த ருக்மணி

சந்திரமதிக்கு வாய் ஓயாது. நாகப்பட்டினத்தில் அவள் பேச்சைக் கேட்கத் தெருவே இருந்தது. மலாக்காவுக்குக் கப்பலேறி வந்த பிறகு அந்த வாய்க்கு வேலையே இல்லை.

அப்பா துணிக்கடைக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. பாதி நாள் படுக்கைதான். பள்ளிக்கூடத்தில் சேரப் புது வருடம் பிறக்க வேண்டுமாம். அவர்கள் குடிவந்த காஜா பேராங் தெருவில் எல்லாரும் சுதந்திரம் வரப்போகிறதென்று கொடி கட்டிக்கொண்டு சத்தமாகச் சிரித்துப் பேசினார்கள். சந்திரமதிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. வாசலில் உட்கார்ந்து காக்கையோடு பேசிப் பார்த்தாள். அதுவும் பறந்துபோனது.

பக்கத்து வீட்டில் அவள் வயதில் ஒரு பெண் இருந்தாள். நெற்றியில் பொட்டு. அவளை யாரோ "ருக்மணி!" என்று கூப்பிட்டதைக் கேட்டதும் சந்திரமதி துள்ளி ஓடினாள்.

"ஏ ருக்மணி, பாண்டி ஆட வர்றியா?"

ருக்மணி விழித்தாள். மலாயில் ஏதோ சொன்னாள். இப்போது சந்திரமதி விழித்தாள்.

"என்ன திமிருப்பா அவளுக்கு! பேரு மட்டும் ருக்மணி, தமிழ் பேச மாட்டேங்கிறா" என்று அப்பாவிடம் பொரிந்தாள்.

அப்பா சிரித்தார். "திமிரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவங்க மலாக்கா செட்டிங்க. இங்க வந்து எத்தனையோ தலைமுறை ஆச்சு. கோயில், பொங்கல் எல்லாம் உண்டு. வீட்டுப் பேச்சு மட்டும் மலாய்."

சந்திரமதிக்கு அழுகையே வந்தது. திமிர் என்றாலாவது சண்டை போட்டிருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை.

ஒருநாள் ருக்மணி வேலியோரம் வந்து, கருஞ்சிவப்பாய் இரண்டு பழங்களை நீட்டினாள்.

"மங்கிஸ்" என்றாள். "மக்கான், மக்கான்!" என்று தன் வாயைத் தொட்டுக் காட்டினாள்.

சாப்பிடச் சொல்கிறாள்! சந்திரமதிக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் வீட்டிலிருந்து யாரோ கூப்பிட, ருக்மணி அந்தப் பக்கம் திரும்பினாள். சந்திரமதி கொய்யாவைக் கடிப்பதுபோல் தோலோடு ஒரே கடி கடித்தாள்.

ஐயோ, கசப்பு! வேப்பங்காய் தோற்றது. "த்தூ!"

துப்பியதை மட்டும்தான் ருக்மணி பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது. விடுவிடுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆசையாகக் கொடுத்ததைத் துப்பினால் யாருக்குத்தான் பொறுக்கும்? தெரியாமல் செய்துவிட்டேன் என்று எந்த மொழியில் சொல்வது? தோழி ஆகும் முன்பே போய்விட்டாளே!

சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த இன்னொரு பழத்தோடு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். படியில் உட்கார்ந்திருந்த ருக்மணியிடம் அதை நீட்டினாள்.

ருக்மணி இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கொடுத்ததைத் திருப்பித் தர வந்திருப்பதாக நினைத்துவிட்டாள்!

சந்திரமதி ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு, தெரிந்தே அந்தக் கசப்புத் தோலை இன்னொரு முறை நறுக்கென்று கடித்தாள். கண் சுருங்கியது, மூக்கு சுருங்கியது, நாக்கு வெளியே வந்தது. "மண்டு! மண்டு!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

ருக்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொத்தவும் முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பழத்தை வாங்கி உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். தோல் படக்கென்று பிளந்தது. உள்ளே பூண்டுப் பல் போல வெள்ளை வெளேரென்று சுளைகள்! ஒன்றை எடுத்துச் சந்திரமதியின் வாயில் வைத்தாள். இனிப்பா, புளிப்பா? இரண்டும்தான். வைத்ததுமே கரைந்துவிட்டது.

சந்திரமதி வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. கையில் ருக்மணி புதிதாகக் கொடுத்த பிளக்காத பழம் ஒன்று.

"இவ்வளவு நேரம் அந்தப் பொண்ணோட என்னடி பேசினே?" என்றார் அம்மா.

"ஒண்ணுமே பேசலம்மா!" சந்திரமதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இந்தப் பழத்துல கை வச்சிடாதே. நாளைக்கு ருக்மணி வந்ததும் சேர்ந்து சாப்பிடணும்."

"பேசாமலே அவ வர்றது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சந்திரமதி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் சொல்ல ஆரம்பித்தாள்.